எந்தப் பக்கம் மேல்

நானூற்றுப் பதினேழாவதும் பெரணிதான்.

மருதமுத்து நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையிலிருந்த எண்ணும் கருவியை அழுத்தினார். கண்ணாடித் தகட்டை நூலளவு நகர்த்தினார். புல். பெரணி. நாவல் வகை ஒன்று, ஓரம் மடங்கிப்போனது. பெரணி. மறுபடியும் பெரணி. ஒவ்வொரு பெரணித் துகளின் நடுவிலும் மூன்று கையாகப் பிரியும் ஒரு விரிசல் உண்டு. அதை வைத்துத்தான் அடையாளம் காண்பது. இருபது நாளாக அவர் விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முந்நூறுல நிறுத்தலையா சார்?"

கேட்டவர் மெஹருன்னிசா. அந்த ஆய்வகத்தின் பேராசிரியை. வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மருதமுத்துவுக்கு நாற்பத்தொன்பது. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை மாணவரை சார் என்பார். மூன்று வருடமாக இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் எண்ணிப் பாக்கலாம்னு மேடம்."

"முந்நூறுக்கும் நானூறுக்கும் நடுவுல விகிதம் எவ்வளவு மாறிச்சு?"

"மாறல."

"அப்ப எதுக்கு?"

மருதமுத்து மறுபடி கருவியை அழுத்தினார். நானூற்று இருபத்து மூன்று.

குளத்தின் அடிச் சேற்றை அமிலத்தில் கொதிக்கவைத்தால் மற்றதெல்லாம் கரைந்துபோகும். மகரந்தமும் பெரணியின் வித்துத்தூளும் மட்டும் மிஞ்சும். அவை எளிதில் அழியாதவை. அடியிலிருந்து மேல்வரை ஒவ்வோர் ஆழத்திலும் முந்நூறு துகள் எண்ணிப் பார்த்தால், அந்தக் குளத்தைச் சுற்றி எந்தக் காலத்தில் காடு இருந்தது, எப்போது புல் வந்தது, மழை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். முந்நூறுக்கு மேல் எண்ணுகிறவர்கள் இரண்டே வகை என்று மெஹருன்னிசா வகுப்பில் சொல்வதுண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள். விடை பிடிக்காதவர்கள்.

மருதமுத்து புதிதாகச் சேர்ந்தவர் அல்ல.

மெஹருன்னிசா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிடிக்காத விடை எது சார்?"

அவர் எண்ணும் கருவியைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து மடித்த வரைபடத் தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்புகள் நைந்திருந்தன. பலமுறை பிரித்து மடித்திருக்க வேண்டும்.

"மான்குழிக் குளம். மூணு மீட்டர் சேறு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு குழாய்."

"தெரியும்."

மான்குழி, நீலகிரியில் ஒரு சரிவு. மேலே மலை, கீழே குளம், நடுவில் முப்பத்துநாலு வீடுகள் கொண்ட காலனி. கொழுந்து பறிக்கும் குடும்பங்கள். மருதமுத்து பிறந்தது அங்கே. தங்கை ராசாத்தி, அவள் கணவன் சிங்காரம், மூன்று பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தன் குளத்தைத் தானே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆசையைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை.

"நடுக் குழாயில மூணு கல்பட்டை இருக்கு மேடம்."

தாளில் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"மலை விழுந்து குளம் வரைக்கும் வந்திருக்கு. மூணு தடவை."

வந்த வழியில் இப்போது என்ன இருக்கிறது என்று இருவரும் சொல்லவில்லை.

"பட்டைக்குக் கீழ?"

"பெரணி."

"அதுக்கும் கீழ?"

"கரித்தூள். காடு எரிஞ்சிருக்கு. மரம் குறைஞ்சுகிட்டே வருது. அப்புறம் பெரணி ஏறுது. இருபது, நாப்பது. அறுபது சதவீதத்துக்குப் பக்கத்துல வந்ததும் கல்லு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

மெஹருன்னிசா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மரம் போனதும் மலை விழறதில்லை. வேர் மக்கணும். அதுக்குப் பத்து, பதினஞ்சு வருஷம் ஆகும்."

"அந்தப் பத்து, பதினஞ்சு வருஷம்தான் பெரணி மேடம்."

"மேல்மட்டத்துல? இப்போ?"

மருதமுத்து தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்த எண்தான்.

"காலனிக்கு மேல இருந்த சோலைய வெட்டிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. யாரோ விடுதி கட்டப் போறதா சொன்னாங்க. கட்டவும் இல்ல." நிறுத்தினார். "அம்பத்தெட்டு."

அமில அறையின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. மெஹருன்னிசாவின் விரல் தாளின் மேல் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஆனா மேடம், அந்தக் குழாய் தலைகீழா இருக்கலாம்."

அதைச் சொன்னபோது மருதமுத்துவின் குரலில் முதன்முறையாகத் தெம்பு வந்தது.

குளத்தில் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்ததும் மேல் முனைக்குச் சிவப்பு மூடி, கீழ் முனைக்குக் கறுப்பு மூடி. அந்த ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அது. சேறு எடுத்த அன்று மழை பெய்தது. ஜீப் குழியில் விழுந்து எழுந்ததில் நடுக் குழாயின் இரண்டு மூடிகளும் கழன்றுவிட்டன. குழாய் ஜீப்பின் தரையில் உருண்டது. மருதமுத்து குனிந்து, கைக்குக் கிடைத்த மூடிகளை எடுத்து மாட்டினார். எந்த முனையில் எது என்று அப்போது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இருபது நாளாகத்தான் சந்தேகம்.

"தலைகீழா இருந்தா எப்படிப் படிக்கணும்?"

"மொதல்ல மலை விழுது. விழுந்த இடத்துல பெரணி மொளைக்குது. புண்ணுல பொருக்கு கட்டுற மாதிரி. அப்புறம் மெதுவா மரம் வந்துடுது." வேகமாகச் சொன்னார். "அப்படின்னா பெரணியப் பாத்து யாரும் பயப்பட வேண்டியதில்ல மேடம்."

"ஆக, நீங்க தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிறீங்க."

"ஆமா." ஒரு கணம் சிரிக்கப் பார்த்தார். "படத்துல மேல கீழ மாத்தி வரைஞ்ச பிள்ளைங்களை பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தியிருக்கேன். இப்ப என்னையே ஏத்தி நிறுத்துங்கன்னு கும்பிடறேன்."

"மேல் குழாயோட அடியும் இதோட தலையும் சேருதான்னு பாத்தீங்களா?"

"ரெண்டு முனையும் ஒரே கறுப்பு. சொல்ல முடியல."

"கார்பன் தேதி?"

"நாலு மாசம் ஆகும்னு எழுதியிருக்காங்க."

"மழை?"

"இன்னும் மூணு வாரத்துல தொடங்கிடும்."

மருதமுத்து கைபேசியை எடுத்தார்.

"காலைல இது வந்துச்சு மேடம். தங்கச்சி அனுப்பினது."

குரல் பதிவு. பின்னணியில் கோழி கத்தியது.

"அண்ணே, நல்ல சேதி. நம்ம சமையல்கட்டுக்குப் பின்னாடி மண்ணுலேருந்து புதுசா ஊத்துக் கெளம்பியிருக்கு. அவரு ஒரு குழாயச் சொருகி விட்டுட்டாரு. இனிமே நான் குடத்தத் தூக்கிட்டு அலைய வேண்டாம். மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. கடைக்குட்டிக்குக் காதுகுத்து இருபத்தி நாலாம் தேதி, மறந்துடாதே. உன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்..."

குறுக்கே ஓர் ஆண் குரல். சிங்காரம்.

"ஊத்துத் தண்ணி கலங்கலா வருது மச்சான். அதுல என்ன பூத்தூள் இருக்குன்னு வந்து பாத்துச் சொல்லுங்க. பாத்துட்டு மோதிரத்தையும் எடுத்துட்டு வந்துடுங்க."

பின்னால் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். பதிவு முடிந்தது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் மெஹருன்னிசா.

மறுபடி போட்டார். கோழி கத்தியது. ராசாத்தி சந்தோஷப்பட்டாள். சிங்காரம் குறுக்கிட்டான்.

"கலங்கலாவா சொன்னார்?"

"கலங்கலாத்தான். உள்ள மண்ணு கரையுது மேடம்."

மெஹருன்னிசா தன் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எத்தனையோ குளம் பாத்திருக்கீங்க. அந்தக் குழாயில எந்தப் பக்கம் மேல்? உங்களுக்கு என்ன தோணுது?"

ஆசிரியை எழுந்து வெளியே போனார்.

கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பதிக்க ஒரு குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் அதன் ஓரத்தில் குனிவது ஜன்னல் வழியே தெரிந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதில் கால் பங்கு மண். சரளையும் மணலும் களிமண்ணும் கலந்தது. குழாயடியில் ஜாடியை நிரப்பினார். வாயை உள்ளங்கையால் மூடி நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தினார். உள்ளே எல்லாம் ஒரே நிறமாயிற்று.

"பிடிங்க சார்."

மருதமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுல எது மொதல்ல அடியில போய் உக்காரும்?"

"சரளை. அப்புறம் மணல். களிமண் கடைசியா." வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்.

"பாப்போம்."

இருவரும் ஜாடியைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். தண்ணீர் தெளியவில்லை. அடியில் சரளை உருண்டு கண்ணாடியில் தட்டியது. மணல் எழுந்து விழுந்து மறுபடி எழுந்தது. மருதமுத்து ஜாடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சத்தம் கூடியது.

"படிய மாட்டேங்குது மேடம்."

"ஆமா."

"பக்கத்துல ஏதாவது மோட்டார் ஓடுதா? மேசை அதிருது போல."

"அது மேசை மேல இல்லையே சார்."

மருதமுத்து தன் கைகளைப் பார்த்தார். அவை தன்னுடையவை என்று தெரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஆடிக்கொண்டிருந்தன.

"கீழ வைங்க."

அவர் வைக்கவில்லை.

"வச்சா தெரிஞ்சிடும் மேடம்."

"ஆமா."

"இப்படியே பிடிச்சிட்டு இருந்தா..."

"இருக்கலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

ஆசிரியை அவசரப்படுத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மருதமுத்துவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் ஜாடியை மார்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். மூச்சுக்கு மூச்சு தண்ணீர் அசைந்தது. கடைசியில் குனிந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, அதை மேசைமேல் வைத்துக் கையை எடுத்தார்.

சரளை உடனே அடங்கியது. அதன்மேல் மணல் மழைபோல இறங்கியது. பிறகு வெகுநேரம் எதுவும் நடக்காததுபோல இருந்தது. பிறகு மணலின்மேல் நெய்ப்படலம் மாதிரி மழமழப்பான களிமண் கனத்துக்கொண்டே வந்தது. அடியில் கரடு. மேலே மழமழப்பு.

மருதமுத்து ஜாடியையே பார்த்தார்.

மலை சரிந்து குளத்துக்குள் விழுந்தபோதும் இப்படித்தான் படிந்திருக்கும். மூன்று முறையும். கல்பட்டையின் கரடான ஓரம் எந்தப் பக்கமோ அது கீழ். நுண்ணோக்கி வேண்டாம். அமிலம் வேண்டாம். கண்ணே போதும். குழாய் குளிர் அறையில் இருந்தது. அவர் உட்கார்ந்து எண்ணிய இடத்திலிருந்து பன்னிரண்டு அடி தூரம்.

"கல்பட்டைல மகரந்தம் நிக்காது மேடம். அதனால அதை விட்டுட்டு மத்த இடத்துல மட்டும் சேறு எடுத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் செய்வோம். நானும் விட்டுட்டுப் போவேன்."

"எனக்கு இது தோணல."

"இந்த ஜாடிப் பாடத்தை எத்தனை வருஷமா நடத்துறீங்க?"

"இருபத்து மூணு."

குளிர் அறையின் கதவை மெஹருன்னிசா திறந்தார். மருதமுத்து வாசலிலேயே நின்றார்.

"நீங்களே பாத்துச் சொல்லிடுங்க மேடம்."

"உங்க குளம் சார்."

உள்ளே நாலு டிகிரி. அடுக்கில் மான்குழியின் மூன்று குழாய்களும் நீளவாக்கில் பிளந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கிடந்தன. பிளந்தபோது மூடிகளைக் கழற்றிவிட்டு, அதே முனையில் அதே நிறத்தில் நாடா ஒட்டியிருந்தார்கள். நடுக் குழாயை இருவருமாகத் தூக்கி எஃகு மேசையில் வைத்தார்கள். சிவப்பு நாடா ஜன்னல் பக்கம். கறுப்பு நாடா கதவுப் பக்கம். மருதமுத்து உறையைப் பிரித்தார். பழைய குளத்தின் வாசனை எழுந்தது. அவர் சிறுவயதில் குளித்த குளத்தின் வாசனை அது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறக்கணும்னு இல்ல," என்றார் மெஹருன்னிசா. "கையுறையைக் கழட்டுங்க."

"இதை விரலால தொடக் கூடாதே மேடம். நீங்கதானே சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க."

"தொடுங்க."

மருதமுத்து கையுறையைக் கழற்றினார். ஆசிரியை அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் கறுப்பு நாடாவின் அருகே வைத்தார். பிறகு விட்டுவிட்டார். விரல் ஜன்னலை நோக்கி மெதுவாக நகர்ந்தது. ஈரம். வழவழப்பு. வழவழப்பு. பெரணிக் காலத்துச் சேறு.

திடீரென்று கல். நகத்தில் இடித்தது.

விரல் நின்றது. மறுபடி நகர்ந்தது. கல், சின்னக் கல், மணல், இன்னும் நைசான மணல். பிறகு மாவுபோல ஒன்று.

"எப்படி இருக்கு?"

"மொதல்ல கரடு. அப்புறம் நைசு."

"இன்னும் ரெண்டு இருக்கு."

இரண்டாவது பட்டையிலும் அப்படியே. மூன்றாவதில் விரல் கல்லைத் தொட்டதும் அவர் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை மறுகையால் பொத்திக்கொண்டார். குளிரில் அவர் பற்கள் ஒன்றோடொன்று மோதின.

"கறுப்புதான் கீழ். சரியாத்தான் மாட்டியிருக்கேன் மேடம்."

மெஹருன்னிசா குனிந்து மூன்று பட்டைகளையும் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்து உறையைச் சுற்றத் தொடங்கினார். ஒரு முனையில் உறை நழுவியது. மறுபடி சுற்றினார். மறுபடியும் நழுவியது. மருதமுத்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வகத்துக்குத் திரும்பி இருவரும் உட்கார்ந்தார்கள். ஆசிரியை தேநீர் வரவழைத்தார். இருவரும் குடிக்கவில்லை.

"இது ஒரே ஒரு குழாய் மேடம்."

"ஆமா."

"மூணு தடவைதான் நடந்திருக்கு. நாலாவது தடவையும் அப்படியே நடக்கணும்னு இல்ல."

"இல்ல."

"போன காலத்து மழை வேற, இப்ப மழை வேற."

"வேறதான்."

"இந்த வருஷம் விழும்னு நான் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"விழாதுன்னு?"

"முடியாது."

"எதுதான் மேடம் முடியும்?"

மெஹருன்னிசா தேநீர்க் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மருதமுத்து எழுந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார்.

"உங்களுக்குத் தெரியாது மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குளத்துத் தண்ணில விஷப்பாசி இருக்கு, குடிக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன். ஒரு மாசம் எல்லாரும் கீழேருந்து சுமந்தாங்க. கர்ப்பிணி கூடச் சுமந்தா. அப்புறம் சோதனை பண்ணினா, ஒண்ணுமே இல்ல. அன்னிலேருந்துதான் எனக்குப் பூத்தூள் வாத்தியார்னு பேரு. கோயில்ல மைக்குல கூட அப்படித்தான் கூப்பிடறாங்க."

"ம்."

"இப்ப போன் பண்ணி, வீட்டைப் பூட்டிட்டு இறங்குங்க, கோயில்ல பந்தல் போட வேண்டாம், காதுகுத்தை நிறுத்துங்கன்னு சொன்னா மாப்பிள்ளை என்ன சொல்வார் தெரியுமா? தாய்மாமன் சீர் செய்யப் பயந்துகிட்டு மலையவே இழுத்து விடறான்னு சொல்வார். சொல்லிட்டு அத்தனை பேருக்கும் நடிச்சுக் காட்டுவார். ராசாத்தி அழுவா. ஏன்னு கேட்டா என்ன சொல்றது? பெரணி அம்பத்தெட்டு சதவீதம்னா?"

உட்கார்ந்தார்.

"அந்தப் பெரணிக்கு நடுவுல நின்னுதான் எம் மருமக போட்டோ எடுத்து அனுப்பறா மேடம். தோள் உசரம் வளந்திருக்கு. அழகா இருக்குல்ல மாமான்னு கேக்கறா. ஆமாம்மான்னு பதில் போட்டேன்."

ஜாடியில் தண்ணீர் முழுதாகத் தெளிந்திருந்தது. அதன் வழியே எதிர்ச் சுவர் வளைந்து தெரிந்தது.

"சுள்ளிக்கொம்பைன்னு ஒரு ஊரு," என்றார் மெஹருன்னிசா. "ஏழு வருஷத்துக்கு முன்னாடி அங்க போய்ச் சொன்னேன்."

மருதமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இதே மாதிரியா?"

"பெரணி இல்ல. வேற கணக்கு. ஆனா இதே மாதிரிதான். நாப்பத்தோரு வீடு. மழை முடியற வரைக்கும் கீழ பள்ளிக்கூடத்துல போய் இருங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கினேன்."

"கேட்டாங்களா?"

"ஒரு அம்மா என் பையை வாங்கித் தெருவுல வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. பாதிப் பேர் திட்டிகிட்டே போனாங்க. அவங்க போறதைப் பாத்து மீதிப் பேர் பயந்துட்டுப் போனாங்க. ரெண்டு மாசம். ஒரு கூடத்துல அத்தனை குடும்பம்."

"அப்புறம்?"

"அந்த வருஷம் மழையே சரியா பெய்யல."

"மலை?"

"ஒரு கல்லு கூட உருளல."

மருதமுத்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"திரும்பி வந்தாங்க. ஒரு வீட்டுக்குள்ள குரங்கு பூந்து அடுப்பு வரைக்கும் பிச்சுப் போட்டிருந்துச்சு. இன்னொருத்தர் மாடு எங்கயோ போயிடுச்சு. எல்லாத்துக்கும் என்னைத்தான் திட்டினாங்க. என் கட்டுரையில அந்தப் பகுதியை மட்டும் நீக்கிட்டுத்தான் போட்டாங்க."

"நீங்க மறுபடி அங்க போனதே இல்லையா?"

"வருஷா வருஷம் போறேன். மேல்மண் எடுக்கணுமில்ல. ஜீப்பை விட்டு இறங்கினதும் டீக்கடை அம்மா சத்தம் போடும். 'மலை டீச்சர் வந்தாச்சு, எல்லாரும் தலையில சட்டியக் கவுத்துக்குங்க'ன்னு. ஒருத்தர் நெஜமாவே சட்டியோட வந்து நிப்பார். கடை முழுக்கச் சிரிக்கும். நான் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் சிரிப்பாங்க."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

மருதமுத்து தன் வலது கையின் சுட்டுவிரலைப் பார்த்தார். நகத்தின் இடுக்கில் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது.

"இப்பவும் சிரிக்கறாங்களா மேடம்?"

"சிரிக்கறாங்க சார்," என்றார் மெஹருன்னிசா. "நாப்பத்தோரு வீட்டு ஆளுங்களும். ஒருத்தர் விடாம."

மருதமுத்து கைபேசியை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். விசிறியின் இரைச்சலில் மணி அடிப்பது சரியாகக் கேட்கவில்லை. மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

மெஹருன்னிசா எழுந்து போய், அமில அறையின் விசிறியை நிறுத்தினார்.